சாயம் வெளுத்த ஆகாய விமானம்

சேசு மரி சூசை

பினாங்கு, டத்தோ கிராமட் ரோடு,
1936ஆம் வருஷம், சனிக்கிழமை காலை.

புக்கிட் மெர்தாஜாமில் வாசம் செய்பவரும், என் மனைவி அமலம்மாளுக்கு மூத்த சகோதரரும், என் மகள் மார்த்தாவுக்குத் தாய்மாமனும், கோபம் வந்தால் சாமியார் சொல்லியும் கேளாதவருமான கனம் பொருந்திய பெஞ்சமின் மச்சான் அவர்களுக்கு, இராயப்பன் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தேவமாதாவின் தயவால் நான் இங்கே சுகமாக இருந்தேன், நேற்று மாலை வரையில். உங்கள் தங்கையும் சுகம். அவள் சுகமாக இருக்கிறாள் என்பது அடுத்த தெரு வரை கேட்கிறது. அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்து, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமாய் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

மரியாதையெல்லாம் முடிந்தது. இனி தலைபோகிற காரியத்துக்கு வருகிறேன். மச்சான், தயவுசெய்து நாளை உங்கள் ஊர்க் கோவில் பூசையில் மூன்றாம் ஓலையை நிறுத்தாதீர்கள். இரண்டு ஞாயிறு கோவிலில் வாசித்த கல்யாண ஓலை மூன்றாம் ஞாயிறு வாசிக்காமல் நின்றால், ஊர் என்ன சொல்லும், மார்த்தாவின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே இருக்கிற சம்பந்தி சின்னையா வீட்டுப் பக்கம் நீங்கள் தலைவைத்தும் படுக்க வேண்டாம். மாப்பிள்ளை ஆர்தர் குடிக்கிறவர் இல்லை. மோசக்காரரும் இல்லை. சாயம் வெளுத்தது உண்மை. ஆனால் வெளுத்தது அவர் சாயம் அல்ல, அவருடைய ஆகாய விமானத்தின் சாயம்.

எந்த ஆகாய விமானம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன் நீங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது. நிச்சயதார்த்தத்தன்று எல்லாருக்கும் முன்னால், "கல்யாணம் முடியற வரைக்கும் மாப்பிள்ளை இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று நீங்கள் ஓர் உத்தரவு போட்டீர்கள் அல்லவா? அந்த உத்தரவை நாங்கள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறோம். மாப்பிள்ளை வாசற்படியை மிதிக்கவே இல்லை. பின் சந்து வழியாக வந்தார். அந்தச் சந்து எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கக்கூஸ் வாளி எடுக்கிற வாளிக்காரன் மட்டுமே விரும்பி வருகிற வழி. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியாக ஒருவர் வருகிறார் என்றால் அவருக்குப் பெண்மேல் எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும் என்று உங்கள் தங்கைதான் முதலில் சொன்னாள். "வாசல் வழியா வந்தாத்தான் வந்ததா கணக்கு. கொல்லைப்பக்கம் வர்றதெல்லாம் வர்றதே இல்ல" என்று சட்டமும் அவளே எழுதினாள். நான் தலையாட்டினேன். நான் வேறு எதற்காக இருக்கிறேன்?

அவர் வந்தது பெண்ணைப் பார்க்க இல்லை, விமானத்தைப் பார்க்க. நம் கோவில் வாலிபர் சங்கத்தார் வருகிற திங்கட்கிழமை ஒரு கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள். அதற்காக மாப்பிள்ளை மரத்தில் ஒரு விமானம் செய்திருக்கிறார். பாயான் லெப்பாஸ் மைதானத்தில் தபால் கொண்டுவந்து இறங்குகிறதே, இரண்டு அடுக்கு இறக்கை வைத்தது, அதே மாதிரி, அளவு குறைத்து, ஒரு பெரிய மீன் நீளத்துக்கு. படம் வரைகிற உத்தியோகம் அல்லவா, ஒவ்வொரு கம்பியையும் அளந்து செய்திருந்தார். அவர் தங்கியிருக்கிற கொங்சி வீட்டில், கூட்டு வாடகையில், பன்னிரண்டு பிரம்மச்சாரிகள். ஒருத்தர் இறக்கையில் கைலியைக் காயப்போட்டாராம். இன்னொருத்தர் அது ஏதோ பலகை என்று நினைத்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டாராம். "உங்க வீட்டுக் கொல்லையில ஒரு மூலை கொடுங்க மாமா, சாயம் அடிச்சு முடிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்" என்று கேட்டார். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அலுமினியப் பொடியைக் கோந்தில் குழைத்து அவர் பூசி முடித்தபோது அது வெள்ளிக் குத்துவிளக்கு கணக்காகப் பளபளத்தது. நான் அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, "என் மாப்பிள்ளை செஞ்சது" என்று காட்டினேன். மாப்பிள்ளையைக் காட்டவில்லை, உங்கள் உத்தரவு இருக்கிறதே.

மறுநாள் சாயங்காலம் கொல்லைக்குப் போனால், மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விளக்குக் கரியை விரலில் தொட்டுத் தொட்டு அந்த வெள்ளி விமானத்தின் வயிற்றில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தங்கை என் காதுக்குள் வந்து, "நல்ல சாமானை எடுத்துக் கரியைப் பூசுறாரே, புத்தி கித்தி சரியா இருக்கா? பொண்ணைக் கொடுக்கப் போறோம்ங்க, கேளுங்க" என்றாள். கேட்டேன். அவர் சிரித்தார். "புதுசா மினுமினுன்னு இருந்தா அது பொம்மை மாமா. அழுக்கா இருந்தாத்தான் விமானம். எத்தனை கடல் தாண்டி வருது! வெயில்ல காயணும், மழையில நனையணும், எஞ்சின் புகை பட்டுக் கறுக்கணும். சாயம் அடிக்கிறது லேசு மாமா. அடிச்ச சாயத்தைப் பழசாக்குறதுதான் ரொம்ப சுசா லா, கஷ்டம்" என்றார். இதற்காகவே மூன்று ஞாயிறு பஸ் ஏறிப் பாயான் லெப்பாஸ் போய், வேலிக்கு வெளியே நின்று, எங்கே எண்ணெய் ஒழுகியிருக்கிறது, ஏறுகிறவர் கால் பட்டு எங்கே தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மச்சான், குடிகாரன் எவனாவது வெயிலில் நின்று அடுத்தவன் வண்டியின் அழுக்கைப் பார்ப்பானா?

அன்றிலிருந்து எங்கள் சமையலறைச் சாமான் எல்லாம் விமானத்துக்குப் போயிற்று. துருவுக்குச் செங்கல் பொடியும் மஞ்சளும். எண்ணெய்க் கறைக்குக் கோப்பி வண்டல். சாயம் பொரிந்து போன மாதிரி காட்ட உப்புக்கல். அவர் மெதுவாக, "கோப்பி வண்டல் கொஞ்சம் கிடைச்சா நல்லா இருக்கும் மாமா" என்று என்னிடம்தான் சொல்வார். நான் எழுந்திருக்குமுன் சமையலறை ஜன்னல் வழியாக வளையல் போட்ட ஒரு கை கிண்ணத்தை நீட்டும். கை மட்டும்தான். பேச்சு இல்லை. இதையும் உங்கள் உத்தரவில் எங்கும் தடுக்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. சக்கரத்தில் மண் ஒட்டின மாதிரி இருக்க என் மூக்குப்பொடியைக் கொடுத்தேன். அச்சு அசல் செம்மண். என்ன, கிட்டே போய்ப் பார்க்கிறவர்கள் தும்முவார்கள்.

இனித்தான் என் பங்கு வருகிறது. புதன்கிழமை மாப்பிள்ளைக்கு ஆபீசில் வேலை அதிகம், வரவில்லை. நான் விமானத்தைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு யோசனை வரக்கூடாது மச்சான், வந்தால் அதைச் செய்ய நேரமும் இருந்து தொலைக்கிறது. வெயில் பட்ட மாதிரி இருக்க வேண்டும், மழை பட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை இடுப்பொடியக் கஷ்டப்படுகிறாரே, பினாங்கில் வெயிலுக்கும் மழைக்கும் பஞ்சமா? குழாய்த் தண்ணீர் இலாகாவில் ஆயுசில் பாதியைக் கழித்த எனக்கு இது தோன்றாமல் போனால் வேறு யாருக்குத் தோன்றும்? உடனே விமானத்தைத் தூக்கிக் கோழிக்கூண்டின் தகரக் கூரைமேல் வைத்தேன். மத்தியானம் வரை நல்ல வெயில். வெள்ளிப் பூச்சு அழகாக மங்கிக்கொண்டு வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, சோறு தின்றுவிட்டு, ஒரு கண் தூங்கினேன். உங்கள் தங்கையும் மார்த்தாவும் நவநாள் செபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்கள்.

பினாங்கு மழை உங்களுக்குத் தெரியாததா? வருகிறேன் என்று சொல்லிவிட்டா வரும்? நான் விழித்தபோது விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் வெள்ளியாக ஒழுகுகிறது. கோந்தில் குழைத்த சாயம் அல்லவா, மழைக்கு நிற்குமா? கூண்டிலிருந்த பெட்டைக்கோழி ஒன்று முதுகு முழுவதும் வெள்ளி பூசி, ராணி மாதிரி நின்றது. நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாதி வெள்ளி, பாதி கரி, நடுவே கோடுகோடாக மரம் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாப்பிள்ளை வர்றதுக்குள்ள நான் சரி பண்றேன், நீங்க கை வைக்காம இருங்க" என்று சொல்லி, புளியையும் அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்காத சாமான் உலகத்தில் இல்லை என்பது உங்கள் குடும்பத்தாரின் நம்பிக்கை. நான் அதைக் குறை சொல்லவில்லை. அவள் தேய்த்து முடித்தபோது மரம் நன்றாகப் பளபளத்தது. சாயம்தான் இல்லை, நார் எட்டாத இறக்கை அடியில் தவிர.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மாத வேலை அது. அலுமினியப் பொடியை மாப்பிள்ளை உங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கத்துச் சீனன் கடையில் வாங்கினார் என்று கேட்டிருந்தேன். ஆகவே வியாழன் காலையில் துறைக்கு ஓடினேன். தினமும் ஜவுளி மூட்டையோடு அக்கரையில் உங்கள் ஊர் வரை போய்வருகிற முகம்மது கனி பாய், பிறைத் துறைக்குப் போகிற படகில் ஏறிக்கொண்டிருந்தார். சங்கு ஊதிவிட்டது. மூச்சு வாங்க நான் கத்திச் சொன்னது இதுதான்: "பாய்! பெஞ்சமின் மச்சான்கிட்டச் சொல்லுங்க, மாப்பிள்ளையோட சாயம் வெளுத்துப்போச்சு! மழையில உள்ள இருக்கிறது எல்லாம் தெரிஞ்சுபோச்சு! உடனே ஆக வேண்டியதப் பார்க்கச் சொல்லுங்க! ஏற்கெனவே ஒரு டப்பா குடிச்சாச்சு, இன்னும் குடிக்கும்! வேற யாருக்கும் தெரிய வேணாம்!"

ஒரு டப்பாப் பொடியைக் குடித்தது மரம், மச்சான். மரம்! உடனே ஒரு டப்பா வாங்கி அனுப்புங்கள் என்பதுதான் நான் கேட்டது. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றது, ஆர்தருக்குத் தெரிய வேண்டாம் என்று. விமானத்தைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை அந்த அவசரத்தில் நான் மறந்தே போனேன். கனி பாய் மேல் தப்பில்லை. அவர் ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். கொஞ்சம் கூட்டிக் குறைத்திருந்தால் நாம் எல்லாரும் தப்பித்திருப்போம். நீங்கள் என்னையும் "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்த மாப்பிள்ளையின் சாயம் என்று நினைத்திருந்தாலும் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

வியாழன் மாலை ஆர்தர் வந்தார். பொடி வருமுன் அவர் வந்துவிட்டால் என்ன பொய் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய்யை விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லி விமானத்தை முன்னால் வைத்தேன். உங்கள் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். "மாமா, இந்த இறக்கைக்கு அடியில மழைத்தண்ணி இறங்கின கோடு பாருங்க. இது தூரிகையில வராது மாமா. நான் ஒரு மாசமா முயற்சி பண்றேன், வரவே இல்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அத்தை புளி போட்டுத் தேய்ச்சதும் நல்லதுக்குத்தான். கால் வைக்கிற இடம் எல்லாம் நல்லாத் தேஞ்சிருக்கு" என்றார். டப்பாவில் ஒட்டியிருந்த மிச்சப் பொடியை மட்டும் மேலே அங்கங்கே ஒற்றினார். இப்போது அந்த விமானத்தைப் பார்த்தால், மூன்று தேசத்து மழையில் நனைந்து இப்போதுதான் வந்து இறங்கினது என்று சத்தியம் செய்வீர்கள்.

மச்சான், நான் மாப்பிள்ளை தேடும்போது உத்தியோகம் கேட்டேன், குடும்பம் கேட்டேன், குலம் கேட்டேன். தன் மூன்று மாத உழைப்பைக் கோழிக்கூண்டின்மேல் வைத்துக் கெடுத்த ஒரு கிழவனிடம் எப்படிப் பேசுவார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதுவும் இப்போது தெரிந்துவிட்டது. என் பெண் உப்பு அதிகம் போட்டாலும், சோற்றைக் குழையவிட்டாலும் இந்த மனிதர் அவளைக் கடிந்து பேசமாட்டார். அன்று நான் திண்டாடிப்போய் உள்ளே வந்து முகம் கழுவினேன். கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன்.

இந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். நேற்று மாலை கனி பாய் வாசலில் வந்து நின்று, பொடி டப்பாவுக்குப் பதிலாக உங்கள் பதிலைக் கொடுத்தார். ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்: "சாயம் தாலி ஏறுறதுக்கு முன்னாலயே வெளுத்துச்சே, மாதாவுக்கு தோத்திரம். குடிகாரனுக்கு எங்க வீட்டுப் பொண்ணு இல்ல. ஞாயித்துக்கிழமை ஓலைய நிறுத்தச் சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். பூசை முடிஞ்சு சின்னையா வீட்டுக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வர்றேன். மாப்பிள்ள, நீ தைரியமா இரு." சொல்லிவிட்டு, "நல்ல மனுசர் உங்க மச்சான், ரொம்ப வருத்தப்பட்டாரு" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். முதல் தடவையாகக் கூட்டிச் சொன்னார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மார்த்தாவின் கை நின்றுவிட்டது. இரவு தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுடைய அம்மா என்னைத் திட்டினாள். மார்த்தாவும் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆர்தருக்கு இன்னும் எதுவும் தெரியாது. கொங்சி வீட்டில் உட்கார்ந்து விமானத்துக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் மச்சான், நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். வாய்வார்த்தையை நம்பி இவ்வளவும் ஆயிற்று. இனி எங்கள் வீட்டிலிருந்து எழுத்தில் வருவதை மட்டும் நம்புங்கள். இந்தக் கடிதத்தைக் கனி பாய் கையில் அரக்கு வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வாயைத் திறக்காமல் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். கண்டதும் சாமியாரிடம் ஓடிப்போய் ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். பின் சந்து விஷயத்துக்காக என்னை எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் வீட்டு நாய்க்கும் என் அன்பு. அது என்னைக் கடித்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சர்வேசுரன் நம் இரண்டு வீட்டையும் நல்ல புத்தியோடு காப்பாற்றுவாராக.

இங்ஙனம்,
தங்கள் தங்கையின் கையில் அகப்பட்ட,
இராயப்பன்.

பி.கு.: அரக்கை உருக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கடிதத்துக்காகக் காத்திருந்த கனி பாயைக் காணோம். நான் எழுதி முடிக்க நேரமாகிறது, படகு போய்விடும் என்று உங்கள் தங்கை அவரை அப்போதே அனுப்பிவிட்டாளாம். வாய்ச் செய்தியோடுதான். என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டேன். "நான் என்ன உங்க மாதிரி வளவளன்னா சொல்லுவேன்? அண்ணே கவலப்படாதீங்க, மாப்பிள்ளை எல்லாத்தையும் நல்லா பூசி மெழுகிட்டாரு, இப்பப் பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, பேசாம ஓலைய வாசிக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்" என்கிறாள்.

மச்சான், பூசி மெழுகினது என்று அவள் சொன்னது விமானத்தில் பூசின கரியும் மஞ்சளும்! அதை நம்பாதீர்கள். எழுத்தைத் தவிர எதையும் நம்பாதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த எழுத்து இன்னும் என் கையிலேயே இருக்கிறது. ஆகவே இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த படகில் நானே வருகிறேன். மார்த்தா குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள். கல்யாணப் பெண் இப்படித் தெருவில் இறங்கலாமா என்றதற்கு, "நீங்க சொன்னீங்க, அம்மா சொன்னாங்க, கனி மாமா சொன்னாரு, எல்லாரும் சொல்லியாச்சு. என்னை யாரும் கேக்கல. பெஞ்சமின் மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்பா" என்கிறாள். என்னம்மா சொல்வாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "பிடிச்சிருக்குன்னு" என்றாள். "எது, சாயமா?" என்று கேட்டேன். உள்ளே நின்ற உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. மச்சான், நாங்கள் சொன்னதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை வந்து சொல்கிற ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.